வீட்டை ஊருக்கு வெளியே கட்டாதீர்கள்

சென்னையின் வீட்டுத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பல வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன்.

2015 வெள்ளத்தைத் தொடர்ந்து கூவம் கரையிலிருந்த குடும்பங்கள் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வாரியம் கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அதில் என் வகுப்புப் பெண் ஒருத்தியும் உண்டு. முன்பெல்லாம் முதல் மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினாலும் ஓடி வந்துவிடுவாள். இடம் மாறிய பிறகு விடிகாலை ஐந்து மணிக்கே பஸ் ஏறினாள். இருபது கிலோமீட்டருக்கு மேல். முதல் பீரியடிலேயே தலை பெஞ்சில் சாய்ந்துவிடும். எழுப்ப எனக்கு மனம் வராது. "வீடு எப்படிம்மா இருக்கு?" என்றால், "பாத்ரூம் உள்ளயே இருக்கு மிஸ்" என்று முகம் மலரச் சொல்வாள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அரைப் பரீட்சைக்குப் பிறகு அவள் வரவே இல்லை.

அவளுடைய பாட்டி கரையோரத்தில் இட்லி சுட்டு விற்றவர். ஆட்டோக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அவசரத்துக்கு நூறு, இருநூறு கைமாற்றும் அங்கேயே கிடைக்கும். ஆறாவது மாடியில் அவரிடம் இட்லி வாங்க யார் வருவார்கள்? வீடு ஒதுக்கும் குலுக்கலில் ஆளுக்கொரு பிளாக் விழுந்ததில் அந்தத் தெருவே சிதறிப்போனது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதிவைத்து, குடிசை இருந்த இடத்திலேயே பல இடங்களில் மாடி வீடு கட்டினார்கள். பிள்ளை அதே பள்ளிக்குப் போனது, அம்மா அதே வீடுகளில் வேலை செய்தாள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளும் வழக்கம் பின்னால் வந்தது. 2021இல் வாரியத்தின் பெயரில் 'வாழ்விடம்' வந்தது. நான் அந்தச் சொல்லை நம்புகிறேன். வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் உறவும் எட்டும் தூரத்தில் இருந்தால்தானே அது வாழ்விடம்? வாடகை மிச்சமாகி அம்மாவின் வேலை போனால் அந்த வீடு மலிவான வீடா? பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது பெரிய உதவி. காசு மிச்சம், சரி. சாலையில் போகும் மூன்று மணி நேரத்தை அது திருப்பித் தராது.

பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டித் தருகிறீர்கள். அதை நிறுத்தாதீர்கள். ஊருக்குள் கிடக்கும் அரசு நிலத்தில் முதலில் இவர்களுக்குக் கட்டுங்கள். இடம் மாற்றியே தீர வேண்டுமென்றால் பள்ளி நடக்கும் மாதங்களில் வேண்டாம். மே மாதம் இருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரே பிளாக் கொடுங்கள். பாட்டிகளுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் தரைத்தளம் ஒதுக்குங்கள்.

அடுத்த குலுக்கல் தேதியை முடிவு செய்யும் முன் அந்தக் குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பிள்ளைகளையும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
சென்னை-2