செயலாளரின் ஆண்டறிக்கை: கெராச்சுட் முகாமும் வராத சந்தாவும்

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நன்றாக நடந்தது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வழக்கம்போல் மோர்ப் பந்தல் போட்டோம். செயலவை ஆறு முறை கூடியது, இரண்டு முறை ஆள் போதாமல் கலைந்தது.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் போட்ட செப்டம்பர் முகாமைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளை நான் இருட்டில் கூடாரம் போட வைத்துவிட்டதாக ஒரு பேச்சு ஓடுகிறது. காலை 11 மணிக்குத் தெலுக் பஹாங் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் மூன்று முறை போட்டேன். படகுக்கான பணம் சந்தாவிலிருந்து வர வேண்டியது, அது வராததால் துறையிலேயே நின்று தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தேன். வருகிறோம் என்று சொன்ன ஐந்து குடும்பங்களுக்காக மூன்று மணி வரை காத்திருந்தோம், இரண்டு குடும்பம் வரவே இல்லை, ஒரு போன்கூட இல்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. படகு ஏறும்போது மணி ஆறு.

செப்டம்பரில் இங்கே ஏழேகால் வாக்கில் பொழுது சாய்கிறது. அதுவும் 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததால்தான். சாய்ந்த பிறகு இருபது நிமிடம் வெளிச்சம் இருந்தால் பெரிது, மரத்தடியில் அதுவும் கிடையாது. கடல் எதுவரை ஏறும் என்பதைக் காய்ந்த இலையும் குச்சியும் ஒதுங்கிய கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைச் சரியாகப் பார்க்க முடியாமல், முதலில் போட்ட மூன்று கூடாரங்களையும் பிடுங்கி மேலே நகர்த்தினோம். ஈர மணலில் கூடார முளை நிற்கவில்லை. பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்த பிறகுதான் பிடித்தது. பதினொரு வயதுப் பையன் ஒருவன் டார்ச்லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கூடாரக் கம்பியைத் துணிக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான்.

அங்கே டார்ச் அடிப்பதே தப்பு. பந்தாய் கெராச்சுட் என்பது ஆமைகள் முட்டையிட ஏறும் கரை, வெளிச்சத்தைக் கண்டால் ஆமை கடலுக்கே திரும்பிவிடும். ஆமைப் பாதுகாப்பு மையத்து ஊழியர் வந்து விளக்கை அணைக்கச் சொன்னபோது கூனிக் குறுகிப் போனேன். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் நிலச்சரிவில் 31 பேர் இறந்ததிலிருந்து பெற்றோருக்கு முகாம் என்றாலே பயம். அதனால்தான் சரிவுக்கு அடியில் இல்லாத இடமாகப் பார்த்துப் பகலிலேயே கூடாரம் போட்டுவிட வேண்டும் என்று அவ்வளவு தூரம் திட்டமிட்டேன். திட்டத்தில் குறை இல்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வைப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டன, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி, சிலருக்கு இரண்டு வருடமாக.

கூடாரம் இரவல் தந்தவர்களுக்கும், சமைத்துக் கொடுத்த அக்காமாருக்கும், கடைசி வரை பொறுமையாக இருந்த படகுக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் முகாம் வேண்டுமா என்பதை உறுப்பினர்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் மார்ச் மாதத்துக்குள் சந்தா வந்து சேர வேண்டும். வந்தால் படகுக்கு முன்பணம் கட்டிவிடலாம், நண்பகலுக்குள் கரை இறங்கலாம், நாலு மணி மழைக்கு முன்னால் கூடாரம் நிற்கும். டார்ச்லைட்டைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் அடுத்த முகாம் எப்போது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். நான் இன்னும் தேதி சொல்லவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்