கேட்டைத் தாண்டி வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம், தனி வீடு. போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மா மட்டும் வீட்டில். மதியம் இரண்டு பையன்கள் கழுத்தில் ஏதோ அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு 'கேஸ் அடுப்பு செக்கிங்' என்று நேராக அடுப்படி வரைக்கும் வந்து, டியூபில் விரிசல் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும் என்று பயமுறுத்தி, வேறொன்றை மாட்டிவிட்டு 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பில் கிடையாது. ஏஜென்சியைக் கேட்டால், நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்கிறார்கள்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "கம்பெனி ஆள் மாதிரி வந்து நிக்கிறவன்கிட்ட எப்படிடி சொல்றது?" என்றார். பாதிப் பேர் நிலைமை இதுதான். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், கதவைச் சாத்தினால் மரியாதைக் குறைவு என்று பழகிவிட்டோம்.

சட்டம் நம் பக்கம்தான், ஆனால் அரைகுறையாக. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலோ, முன்கூட்டியே நேரமோ சம்மதமோ வாங்காமலோ வீட்டுக்கு வரக் கூடாது. ஆனால் அது ஆள் சேர்த்து வலைப்பின்னலாக விற்கிற நிறுவனங்களுக்கு மட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த மாதிரி ஆட்களை அது தொடாது. பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் சட்டப்படி தவறு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், சரி. யார் மேல் புகார் கொடுப்பது? பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

அமெரிக்காவில் கிரீன் ரிவர் என்கிற சின்ன ஊர், வீட்டுக்காரர் கூப்பிடாமல் வியாபாரி கதவைத் தட்டக் கூடாது என்று 1931-லேயே விதி போட்டது. நம் மாநகராட்சி அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீடு வீடாக ஆள் அனுப்புகிற நிறுவனம் முதலில் வார்டு அலுவலகத்தில் பெயரும் போன் நம்பரும் பதிய வேண்டும், வேண்டாம் என்று போர்டு மாட்டிய வீட்டுக்குள் நுழைந்தால் அபராதம். இவ்வளவு போதும்.

இதைச் சாக்கிட்டுக் கீரைக்காரம்மாவையும் கோலமாவு விற்பவரையும் விரட்டக் கூடாது. அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. தவிர, அவர்கள் தெருவில் நின்றுதான் குரல் கொடுக்கிறார்கள், வேண்டுமென்றால் நாம் வெளியே போகிறோம். எத்தனையோ வருஷமாக வருகிற கீரைக்காரம்மா ஒரு நாளும் எங்கள் கேட்டைத் திறந்ததில்லை.

இப்போதைக்கு நானே ஒரு அட்டையில் 'அனுமதி இல்லாமல் விற்பனைக்கு வராதீர்கள்' என்று எழுதி மாட்டியிருக்கிறேன். நேற்று ஒருவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு பெல் அடித்தார். "விற்க வரலை மேடம், தண்ணி டெஸ்ட் பண்ணத்தான், ஃப்ரீ."

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாம்பரம்