முழங்கால் தழும்பில் ஒரு பயாப்சி

தோ பாயோ,
சிங்கப்பூர்

அன்பு மகள் மலர்விழிக்கு,

அம்மா எழுதுவது. மார்பு எக்ஸ்ரேயில் இருபுறமும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதாகவும், உறுப்புகளில் செல்கள் சிறு முடிச்சுகளாகத் திரளும் சார்காய்டோசிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்று மெல்பர்ன் மருத்துவர் கருதுவதாகவும் எழுதியிருந்தாய். தோலில் ஊசி போட்டே இந்நோயைக் கண்டறியும் சோதனை ஒன்று இருக்கும்போது பயாப்சி என்று சதையை ஏன் வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். மருத்துவமனை ஆய்வகத்தில் திசுக்களைச் சீவிச் சாயமேற்றியே பணி ஓய்வு பெற்றவள் நான். இதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

நீ படித்தது குவெய்ம் சோதனையைப் பற்றி. நார்வே மருத்துவர் ஆன்ஸ்கர் குவெய்ம் 1941இல் அதை விவரித்தார். பின்னர் நியூயார்க்கின் லூயிஸ் சில்ட்ஸ்பாக் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். ஏற்கெனவே இந்நோய் உள்ள ஒருவரின் மண்ணீரல் திசுவிலிருந்து எடுத்த கரைசலைத் தோலுக்குள் செலுத்தி, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்து, அவ்விடத்தில் முடிச்சு எழும்பினால் அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதாவது நீ தப்பிக்க நினைக்கும் பயாப்சியில்தான் அந்த ஊசியும் போய் முடிந்தது. இன்னொருவரின் திசுவை உடலில் ஏற்றுவதால் தொற்று வரக்கூடும் என்ற அச்சமும், தரமான கரைசல் கிடைக்காததும் சேர்ந்து அச்சோதனையை வழக்கொழியச் செய்துவிட்டன.

உனக்குப் போட்ட மாண்டூ ஊசி வேறு, அது காசநோயைக் கண்டறிவதற்கான தோல் சோதனை. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட கையில் கொஞ்சமேனும் தடிப்பு வரும் என்று எதிர்பார்த்திருப்பாய், ஒன்றும் வரவில்லை. சார்காய்டோசிஸ் உள்ளவர்களிடம் அந்த எதிர்வினை மங்கிப்போவது வழக்கம்தான். ஆனால் தடிப்பு வராததை மட்டும் வைத்து இந்நோய் என்று உறுதி செய்யவும் முடியாது, காசநோய் இல்லையென்று தள்ளவும் முடியாது. காசநோய் என்ற சொல்லைக் கேட்டதும் உன் அத்தை முகம் சுளிப்பார். அதை நீ பொருட்படுத்தாதே, மருத்துவர் அதையும் தேடத்தான் வேண்டும்.

சிறுவயதில் நம் புளோக்கின் கீழே சைக்கிளிலிருந்து விழுந்தாயே, அந்த முழங்கால் தழும்பு இப்போது சிவந்து தடித்திருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பழைய தழும்புகளில் சார்காய்டோசிஸ் புகுந்துகொள்வதுண்டு. அதை மருத்துவரிடம் கட்டாயம் காட்டு. மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு துண்டு எடுத்து, தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி மார்புக் கணுவில் ஊசி குத்துவதைவிட இது எளிது. ஆனால் இது மட்டுமே போதுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். காய்ச்சலும் கணுக்கால் வீக்கமும், காலின் முன்புறத்தில் வலிக்கும் சிவந்த கட்டிகளும் உனக்கு இருந்திருந்தால் பயாப்சி இல்லாமலேகூட முடிவுக்கு வந்திருப்பார்கள். உனக்கு அப்படி எதுவும் இல்லையே.

அந்தத் துண்டை மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றினால், செல்கள் உருண்டையாகத் திரண்டு நிற்பது தெரியும். அதுவே கிரானுலோமா. காசநோயில் அதன் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக்கட்டிபோல் சிதைந்திருக்கும். சார்காய்டோசிஸில் அப்படிச் சிதைவதில்லை. எனினும் கண்ணால் பார்த்தது போதாதென்று, காசநோய்க் கிருமிக்கும் பூஞ்சைக்கும் தனித்தனிச் சாயம் போடுவோம். உன் தழும்பில் அன்றைய மணல் துகள் ஏதும் கிடக்கிறதா என்று அத்தகைய துகள்களை மினுங்கச் செய்யும் முனைவாக்க ஒளியிலும் பார்ப்பார்கள். துகள் இருந்தாலும் சார்காய்டோசிஸ் இல்லையென்று ஆகிவிடாது.

இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ஒரு துண்டு தனியாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், பிறகு வளர்க்க வழியில்லை. அந்த முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். அடுத்து, அவசரமில்லை என்றால் பயாப்சிக்கு முன்பு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்க வேண்டாமே என்று மருத்துவரிடம் கேள். கண் பரிசோதனைக்கும் இசிஜிக்கும் எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்காதே. இந்நோய் கண்ணையும் இதயத்தையும் சத்தமில்லாமல் தொடும்.

அறிக்கை வந்ததும் அதன் படியை எனக்கு அனுப்பு. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா