ஒரு செக்‌ஷனுக்கு ஒரே தோட்டா: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கும், தரைப்படைத் தலைமையகத்தில் காலாட்படை ஆயுதங்களைத் தெரிவு செய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து, காலாட்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்கள் நாளை எந்தத் துப்பாக்கியை ஏந்துவார்கள் என்பதைவிட, ஒரே செக்‌ஷனில், அதாவது சுமார் பத்துப் பேர் கொண்ட சிறு காலாட்படைக் குழுவில், பக்கத்தில் நிற்பவனின் தோட்டா அவர்களுடைய துப்பாக்கியில் சேருமா என்பதே என் கவலை.

நம் நாட்டிலேயே உருவான இன்சாஸ் ரைஃபிளின் மேல் குறைகள் பல சொல்லப்பட்டன. கார்கிலில் தோட்டாக்களை அடைக்கும் மேகசின் விரிசல் விட்டதும் குளிரில் துப்பாக்கி அடைத்துக்கொண்டதும் பொய்யல்ல. ஆனால் ரைஃபிளும் எல்.எம்.ஜி. எனும் இலகு இயந்திரத் துப்பாக்கியும் ஒரே 5.56 × 45 மி.மீ. தோட்டாவில் இயங்கின (முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது தோட்டாக் கூட்டின் நீளம்). எல்.எம்.ஜி.காரனிடம் தீர்ந்தால் மற்றவன் மேகசினைக் கழற்றிக் கொடுக்க முடிந்தது. இன்று ஏ.கே.-203க்கு 7.62 × 39. 2021 ஒப்பந்தப்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த ரைஃபிள்கள் அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகின்றன. சிக்-716 ரைஃபிளுக்கும், 2020இல் 16,479 வாங்க ஒப்பந்தமான நெகேவ் எல்.எம்.ஜி.க்கும் 7.62 × 51.

இரண்டுக்கும் பெயர் 7.62 என்றாலும், உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று கட்டை, அடியிலிருந்து மேலே குறுகி வருவது. மற்றது நீளம், ஏறக்குறைய நேர்ச்சுவராக எழுவது. ஒன்றுக்கான துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் மற்றொன்று பொருந்தாது. இருட்டில், மழையில், அவசரமாக இறக்கப்படும் பெட்டியில் 7.62 என்ற எண்ணை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால், போர்முனையில் அந்தப் பெட்டி வெறும் சுமைதான்.

சுமையையும் கணக்கில் எடுங்கள். 5.56 தோட்டா சுமார் 12 கிராம், 7.62 × 39 சுமார் 16, 7.62 × 51 சுமார் 24. இருநூறு தோட்டாக்களுக்கு இரண்டரைக் கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் உள்ள வேறுபாடு, மலையேறுகிறவனின் தோளுக்குத் தெரியும். அதற்காகக் கனமான தோட்டாவை ஒதுக்கிவிடவும் முடியாது. முகட்டிலிருந்து முகட்டுக்குச் சுட வேண்டிய எல்லைக்கோட்டில், முந்நூறு மீட்டரைத் தாண்டியதும் வேகமாகத் தாழ்ந்துபோகும் 7.62 × 39 போதாது. அங்கே 7.62 × 51 வேண்டும்.

1951இல் பிரிட்டன், நெடுநாள் ஆய்வுக்குப்பின் 7 மி.மீ. நடுத்தரத் தோட்டாவையும் அதற்கான இ.எம்.-2 ரைஃபிளையும் தேர்ந்தெடுத்தது. கூட்டாளிகளுக்குள் பொதுத் தோட்டா வேண்டும் என்பதற்காக அதைக் கைவிட்டது; அமெரிக்கா வற்புறுத்திய 7.62 × 51 நேட்டோவின் தோட்டாவாயிற்று. ஆனால் அதே அமெரிக்கா, வியட்நாம் போர் நடக்கும்போதே எம்-16 ரைஃபிளுடன் 5.56க்கு மாறிவிட்டது. 2022இல் 6.8 மி.மீ. துப்பாக்கிகளுக்கும் ஒப்பந்தம் போட்டது. வல்லரசுக்கே அடிக்கடி மனம் மாறும் இந்த விஷயத்தில், நாம் பிறரைப் பின்தொடர்ந்து நான்காவது அளவு ஒன்றைச் சேர்த்துவிடக் கூடாது என்று மன்றாடுகிறேன்.

படை முழுவதற்கும் ஒரே தோட்டா என்று நான் கேட்கவில்லை. பாலைக்கும் பனிமலைக்கும் அது நடவாது. ஒரு செக்‌ஷனுக்குள் ஒரே தோட்டா என்பதை மட்டும் விதியாக்குங்கள். உயரமலைப் பட்டாலியன்களுக்கு சிக்-716உம் நெகேவும் சேர்ந்தே போகட்டும்; அப்போது அவசரத்தில் நெகேவின் தோட்டா பெல்ட்டிலிருந்து தோட்டாவை உருவி ரைஃபிள் மேகசினில் அடைத்துக்கொள்ளலாம். ஏ.கே.-203 ஏந்தும் பட்டாலியன்களுக்கு, அதே 7.62 × 39இல் இயங்கும் எல்.எம்.ஜி. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த அளவில் திருச்சி தொழிற்சாலை ஏற்கெனவே ரைஃபிள் செய்திருக்கிறது என்பதால் நம் கைக்கு இது புதிதல்ல. தொலைதூரக் குறியை மீடியம் மெஷின் கன்னும் ஸ்னைப்பரும் பார்த்துக்கொள்ளட்டும்.

தேர்வுச் சோதனையை ராஜஸ்தான் வெயிலில் காய்ந்த தோட்டாக்களோடும் சியாச்சினில் உறைந்த தோட்டாக்களோடும் நடத்துங்கள். வெப்பத்தில் வெடிமருந்தின் அழுத்தம் கூடும், குளிரில் குறையும், குறி மாறும். அடுத்த எல்.எம்.ஜி.க்கான டெண்டரை வெளியிடும் முன், அது எந்த ரைஃபிளோடு எந்த செக்‌ஷனில் நிற்கப்போகிறது என்பதை அந்த ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காலாட்படை வீரர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.