பொம்மனஹள்ளியில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு, காவேரிப்பட்டணத்திலிருந்து

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். கிருஷ்ணகிரி ஜில்லா காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெங்களூரையும் நம் பொம்மனஹள்ளிப் பேட்டையையும் விட்டு வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. மூட்டை கட்டின அவசரத்தில் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. சிலரிடம் "வர்றேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். சிலரைப் பார்க்கவே முடியவில்லை. எட்டு வருஷம் என்னைத் தாங்கினவர்களை விட்டு இப்படி வரலாமா என்று அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது.

நாங்கள் கிளம்பினது 2017இல். அதற்கு முந்தின வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை அடியோடு பொய்த்துப் போனது. கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இல்லை. மாமனார் வைத்த மாமரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. ரெண்டு மாட்டையும் வந்த விலைக்குக் கொடுத்தோம். எட்டு வயசுப் பெண்ணை அத்தையிடம் விட்டுவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். அன்றைக்கு எனக்கு அது வேறு தேசம்.

விடியக் கருக்கலில் மடிவாளாவில் இறங்கினோம். அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார் பென்னாகரம் மேஸ்திரி அண்ணன். என் வீட்டுக்காரருக்குச் சென்ட்ரிங் வேலை சொல்லி வைத்தவர் அவர்தான். கையில் ரெண்டு பையும் ஒரு குடமுமாக நின்ற என்னைப் பார்த்து, "மொதல்ல டீ குடிம்மா, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். வேலைக்குக்கூடப் போகாமல் மூணு நாள் எங்களோடு சந்து சந்தாக அலைந்து வீடு பார்த்தார். பத்து மாச வாடகை அட்வான்ஸ் கேட்கிற ஊரில், ஓனர் அம்மாவிடம் பேசி மூணு மாசத்துக்குச் சம்மதிக்க வைத்தார். கமிஷன் என்று நாங்கள் நீட்டின பணத்தை வாங்கவில்லை. "ஊருக்குப் போனா நிப்பட்டு வாங்கிட்டு வாம்மா, அது போதும்" என்றார். தட்டையைத்தான் எங்கள் பக்கம் நிப்பட்டு என்போம். அண்ணா, எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நிப்பட்டு இல்லாமல் திரும்பினதில்லை. ஆனால் அந்த மூணு நாள் கூலிக்கு எத்தனை கிலோ நிப்பட்டும் ஈடாகாது.

அப்புறம் என் மண்டியா அக்கா. கார்மெண்ட்ஸில் எனக்குப் பக்கத்து மெஷின். நான் காலர் வைப்பேன், அக்கா கஃப் வைப்பார். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதி வைத்திருப்பார்கள், தலை நிமிர நேரம் இருக்காது. எனக்குக் கன்னடம் சுத்தமாகப் புரியாது. சூப்பர்வைசர் சத்தம் போட்டால் எதற்கு என்றே தெரியாமல் கண்ணில் தண்ணீர் முட்டும். முதல் மாசம் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டி, "நீ பா அந்தா, நானு ஹா" என்றார். நீ 'ப' சொல்கிற இடத்தில் நான் 'ஹ' சொல்வேன், அவ்வளவுதான் என்று அர்த்தம்.

பால், ஹாலு. பூ, ஹூவு. பத்து, ஹத்து. பல், ஹல்லு. புளி, ஹுளி. புலி, ஹுலி.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. பூட்டுக்குச் சாவி கிடைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போர்டில் பொம்மனஹள்ளி என்று பார்த்தபோது, எங்கள் பக்கத்து வேப்பனப்பள்ளியில் இருக்கிற பள்ளிதான் இங்கே ஹள்ளி என்று புரிந்தது. ஓசூர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அது 'ஹொஸ ஊரு', புது ஊர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாச் சொல்லுக்கும் இது ஒத்து வராது. பருப்பு அங்கே பேளே. ஆனாலும் எனக்கு அந்த ஊர் திறந்தது அந்த ஒரு எழுத்தால்தான். அக்கா, நீங்கள் படித்தது ஏழாவது வரைக்கும்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்களைவிடப் பெரிய டீச்சர் கிடையாது.

நம் ரெண்டு பேர் டிபன் பாக்ஸையும் நினைத்துக்கொள்கிறேன். உங்களுடையது முத்தே, என்னுடையது களி, ரெண்டும் கேழ்வரகு உருண்டைதான். நாங்கள் களியில் நொய் அரிசி போடுவோம், நீங்கள் வெறும் மாவில் கிண்டுவீர்கள். பாதி உருண்டையை மாற்றிக்கொள்வோம். உங்கள் பஸ்ஸாருக்கு, கீரை வேக வைத்த தண்ணீரில் வைக்கிற அந்தக் குழம்புக்கு, என் நாக்கு இன்னும் ஏங்குகிறது. இங்கே ரெண்டு முறை வைத்துப் பார்த்தேன். உங்கள் கைப்பக்குவம் வரவில்லை.

ஓனர் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய.

முதல் வருஷம் மார்கழிக் குளிர். ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். பெண்ணை நினைத்துக்கொண்டு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு பெரிய போசி நிறைய ஊற வைத்த அவரைக்கொட்டையைக் கொண்டுவந்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். வா என்று கூப்பிடவில்லை, செய்து தருகிறாயா என்று கேட்கவும் இல்லை. ஒரு கொட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். தோல் கையில் நின்றது, பருப்பு துள்ளிப் போய்த் தட்டில் விழுந்தது. என் கையும் தானாகப் போய் ஒன்றை எடுத்தது. எங்கள் ஊரிலும் மார்கழி, தை வந்தால் வீட்டுக்கு வீடு இதே வேலைதானே. நான் பிதுக்குவதைப் பார்த்து அம்மா, "ஹிதுகோக்கே பர்த்தா நினகே?" என்றார், உனக்குப் பிதுக்க வருமா என்று. ஹிதுகு. பிதுக்கு. ஹிதிகித பேளே, பிதுக்கம்பருப்பு! மண்டியா அக்காவின் பாடம் அங்கே வந்து நின்றது. நான் சத்தமாகச் சிரித்தேன். பெங்களூர் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் முழுக்கப் பிதுக்கினோம். நகக்கண் கறுத்துப் போனது. கையில் அவரைக்காயின் அந்தப் பிசுபிசுப்பான வாசனை, அம்மா அதற்குச் சொகடு என்றார். அதற்கு எங்கள் ஊரில் தனியாக ஒரு பேர் இல்லை, வாசனை மட்டும் அதேதான். ராத்திரி ஒரு கிண்ணம் குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து எட்டு மார்கழியும் அந்தப் போசி எங்கள் ரெண்டு பேருக்கு நடுவில்தான் இருந்தது.

2024 மார்ச்சில் ஊர் முழுக்கத் தண்ணீர் தட்டுப்பாடு வந்ததே, அப்போது எங்கள் காம்பவுண்டு போரும் நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டு வந்தவள் நான். மறுபடியும் மூட்டை கட்டணுமோ என்று பயந்தேன். டேங்கர் வந்த அன்றைக்கு அம்மா படியில் நின்று வீட்டுக்கு நாலு குடம் என்று எண்ணி விட்டார். தனக்கும் நாலே குடம்தான். ஓனர் என்று ஒரு சொம்பு கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் கண்ணால் பார்த்தது இது.

2020இல் எல்லாம் மூடினபோது எங்களுக்குச் சோறு போட்டது மூலைக்கடை அங்கடி அண்ணன். நான் வேலை செய்த கம்பெனியிலிருந்து ரெண்டு மாசம் ஒரு பைசா வரவில்லை. சென்ட்ரிங் வேலையும் நின்றுபோனது. முதல் நாள் அரை கிலோ அரிசி மட்டும் கேட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அஞ்சு கிலோவைக் கட்டிக் கொடுத்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி மேலே ஏதோ எழுதினார். அடுத்த வீட்டுப் பையன்தான் படித்துச் சொன்னான், 'கிருஷ்ணகிரி அக்கா' என்று. என் பேர் அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கடனை அடைக்க எனக்கு ஏழு மாசம் ஆனது. கடைசி ரூபாய் கொடுத்த அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அண்ணா, அது இப்போது என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. பி.எஃப். பணத்தில் வாங்கின மெஷின். ஊரில் ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைக்கிறேன். டிராயரை இழுக்கும்போதெல்லாம் உங்கள் கையெழுத்து கண்ணில் படுகிறது.

பஸ் ஸ்டாப் மாங்காய் வண்டித் தம்பிக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஜில்லா முழுக்க விளைகிற அந்தக் கிளிமூக்கு மாங்காய்க்கு நாங்கள் வைத்த பேர் 'பெங்களூரா'. முதல் நாள் நான் பெங்களூரா என்று கேட்டதும் நீ முழித்தாய். அங்கே அது தோதாபுரி, இல்லாவிட்டால் கிணிமூத்தி. உன் ஊர்ப் பேரைத்தான் எங்கள் மரத்துக்கு வைத்திருக்கிறோம் என்று நான் சொன்னதும் உனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து என் தட்டில் ரெண்டு கீற்று கூடவே விழும், மிளகாய்த்தூளும் உப்பும் தூக்கலாக. வேலை முடிந்து வருகிற வழியில் அதைக் கடித்துக்கொண்டு நடக்கிற அந்தப் பத்து நிமிஷம், கழுத்து வலி எல்லாம் மறந்துபோகும்.

ஊரில் இருப்பவர்களுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, தினம் ராத்திரி ஏழு மணிக்கு உங்கள் மகன் போனை எங்கள் திண்ணை உரல் மேல் சாய்த்து வைப்பீர்கள். வீடியோ காலில் என் பெண் ஒன்றும் பேச மாட்டாள். அவள் பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் பொம்மனஹள்ளியில் காய் நறுக்குவேன். பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் ஒரு மணி நேரம் அப்படியே போகும். ரீசார்ஜுக்கு நான் பணம் அனுப்பினால் அதைப் பெண்ணுக்கே முட்டை வாங்கிப் போட்டுவிடுவீர்கள். நான் பக்கத்தில் இல்லாமலே என் பிள்ளை என் கண் முன்னால் வளர்ந்தாள் என்றால் அது உங்களால். அத்தைக்கு நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பஸ்களில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்த அரூர், பாலக்கோடு, பர்கூர்த் தங்கைகளுக்கும், என் துணி மூட்டையை இன்ஜின் பக்கத்தில் வைத்துக்கொண்ட கண்டக்டர் அண்ணன்களுக்கும் நன்றி. சூளகிரி தாண்டினதும் குன்றுகள் இருட்டில் தெரிய ஆரம்பிக்கும். ஆனி மாசமானால் கிருஷ்ணகிரி நெருங்கும்போதே ஃபேக்டரிகளில் மாங்கூழ் காய்ச்சுகிற வாசனை ஜன்னலில் வரும். தூங்குகிறவர்களை நீங்கள் எழுப்பத் தேவையே இருக்காது.

கடைசி ஞாயிறு பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்து முனையில் மெட்ரோவுக்குத் தூண் எழும்பினதை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள் நாங்கள். தூசியையும் நெரிசலையும் தின்றவர்கள். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மஞ்சள் வழித்தடம் திறந்தது. செப்டம்பரில் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஓனர் அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பொம்மனஹள்ளியில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி, லால்பாக்கில் இறங்கினோம்.

லால்பாக் பூங்காவில் எனக்குப் பிடித்தது பூ இல்லை, அந்தப் பாறைதான். முந்நூறு கோடி வருஷப் பழசு என்று அங்கே சொல்வார்கள். எனக்கு அது எங்கள் ஊர்க் கரடு, பாறைக்குன்று. மாசத்தில் ஒரு ஞாயிறாவது அதில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். வெயில் பட்ட பாறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தால் உள்ளங்காலுக்கு ஊர் தெரியும். முப்பது வருஷமாக பெங்களூரில் இருந்தும் அம்மா அதில் ஏறினதில்லையாம். முட்டி வலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினார். கெம்பே கவுடா கோபுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். ரெண்டு நிப்பட்டு, நான் வாங்கிக் கொடுத்ததில் எனக்காகவே மிச்சம் வைத்தது.

கிளம்பின அன்றைக்கு வாசலில் நின்று "ஹோகி பா" என்றார். போய் வா.

அம்மா, இது தை மாசம். நேற்று சந்தையில் அவரைக்காய் வாங்கிவந்து, உரித்து, ராத்திரி கொட்டையை ஊறப் போட்டேன். இன்றைக்கு நானும் என் பெண்ணும் பிதுக்குகிறோம். எல்லோரும் ஒரு தடவை இங்கே வாங்க. செந்தூரா முதலில் வரும், மே மாசத்தில் அல்போன்சா, ஜூனில் பெங்களூரா. காயாகவே வேண்டுமானால் கொஞ்சம் முன்னால் வாங்க. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தருமபுரி வண்டி ஏறினால் காவேரிப்பட்டணம் வரும். மேஸ்திரி அண்ணன் பென்னாகரம் போகிற வழியிலேயே இறங்கலாம். பாலத்துப் பக்கம் வந்து போன் பண்ணுங்க, நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள்
கிருஷ்ணகிரி அக்கா