சுவருக்கு ஒவ்வாத மறைவுத் தாங்கிகளைத் தேர்ந்து கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: மரப்படிகளுக்கான மறைவுத் தாங்கிகள் – பணத்தைத் திரும்பப் பெறுதலும் சுவர்ச் சேதத்துக்கு ஈடு கோருதலும்.

ஐயா,

வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டிலிருந்து மாடிக்குச் செல்லும் படிகளுக்காகத் தங்கள் காரைக்குடி விற்பனை நிலையத்தில் மறைவுத் தாங்கிகள் (படிப் பலகையை வெளியே தெரியாமல் தாங்கும் இரும்புப் பொருத்திகள்) வாங்கியிருந்தேன். பழைய பர்மாத் தேக்கு உத்திரங்களை அறுத்து எடுத்த பலகைகள் என்பதால், மேலே திருகுத் தலையோ கீழே இரும்புச் சட்டமோ தெரியக் கூடாது என்று கேட்டது உண்மை. அதே வேளையில், சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கற்சுவர் என்பதையும், அதன் மேல் செட்டிநாட்டு வெள்ளைப் பூச்சு இருப்பதையும், படங்களுடன் மின்னஞ்சலில் தெரிவித்திருந்தேன். அதைப் பார்த்த பிறகே தங்கள் ஆலோசகர், சுவரில் பிளேட்டைப் பதித்து இரண்டு ராடுகளைப் பலகைக்குள் செலுத்தும் வகையைத் தேர்ந்து கொடுத்தார். "எல்லாச் சுவருக்கும் இதுதான் சார் போகுது" என்பது அவர் சொன்ன விளக்கம்.

அந்த விளக்கம்தான் என் புகாரின் மையம். ஒரு முனை மட்டும் சுவரில் நிற்க, மறு முனை அந்தரத்தில் நிற்கும் படியின் நுனியில் 1.3 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 130 கிலோ எடையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று, கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்கிறது. எங்கள் படியின் நீளம் 90 சென்டிமீட்டர். தங்கள் பிளேட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 8 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்கில் அந்த எடை பதினோரு மடங்குக்கு மேலாகப் பெருகி, மேல் வரிசைப் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை டன் விசையுடன் வெளியே இழுக்கும். கான்கிரீட் சுவர் அதைத் தாங்கலாம். பெட்டியில் நீங்கள் வைத்துக் கொடுத்த ஆங்கர் போல்ட்டோ துளைக்குள் விரிந்து இறுகும் வகை. மென்மையான பழைய செங்கல்லில் அது இறுகுவதற்கு முன் கல்லையே பிளந்துவிடுகிறது.

நடந்ததும் அதுவே. முதல் படியை மாட்டி, ஆசாரி அதன் நுனியில் காலை ஊன்றியதும் பலகை சாய்ந்தது. பிளேட்டின் மேல் விளிம்பு சுவரை விட்டு விலகி, துளையிலிருந்து செங்கல் தூள் கொட்டியது. பூச்சில் முக்கால் அடி நீளத்துக்கு விரிசல் ஓடியது. நல்ல வேளையாக வேலையை அத்துடன் நிறுத்திவிட்டோம். அந்தப் படிகளில் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டியவர் வயதான எங்கள் ஆச்சி என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்து மெருகேற்றும் அந்தப் பூச்சைச் சிமெண்டால் ஒட்டுப்போட முடியாது; அந்த வேலை தெரிந்த கொத்தனார்களும் இப்போது சிலரே.

இன்னொரு குறை, பலகையைப் பற்றியது. இரண்டு ராடுகளையும் பசையிட்டு இறுக்கச் சொல்கிறது தங்கள் குறிப்பேடு. 28 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையில் குறுக்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஒரு ராடை இறுக்கி, மற்றதற்கு நீள்துளை (நகர இடம் தரும் நீண்ட துளை) விட்டாலன்றி நீளவாக்கில் பலகை வெடிக்கும். எங்கள் ஆசாரி இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். குறிப்பேட்டை எழுதியவருக்குத் தெரியாமல் போனது வியப்பு.

எங்கள் சுவருக்குப் பொருத்தமான முறை தங்களிடமே இருக்கிறது. தரையிலிருந்து மாடி விட்டம் வரை இருபுறமும் இரும்புச் சட்டம் நிறுத்தி, பலகையின் அடிப்புறம் குடைந்து நீள்துளை கொண்ட ஆங்கிள்களை (L வடிவ இரும்புப் பட்டைகளை)ப் பதித்தால், எடை சட்டத்தின் வழியே தரைக்கு இறங்கும். சுவரை நம்ப வேண்டியதில்லை. சட்டம் பக்கத்தில் தெரிந்தாலும், திருகு மேலே தெரியாது. படங்களை முதலிலேயே கவனித்திருந்தால் இதைத்தான் பரிந்துரைத்திருப்பீர்கள்.

ஆகவே, தாங்கிகள் அனைத்தையும் தங்கள் செலவில் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தருமாறும், பூச்சைச் சீர்செய்யும் செலவை ஏற்குமாறும், எந்தச் சுவருக்கு எந்தப் போல்ட்டு, எந்தச் சுவரில் பொருத்தவே கூடாது என்பதைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். போதிய பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராததும் பொருள் தயாரிப்பாளரின் பொறுப்புக்கு உட்பட்டது என நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கூறுகிறது. 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ரசீது நகல், மின்னஞ்சல் நகல், விரிசலின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்