வடக்கு மலையின் காற்றை மேசையிலிருந்து அளக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வட நோர்வேயின் காற்று மின்சாரம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். காற்று வரைபடத்தைப் பார்த்தாலே காற்றாடி நட எந்த மலை தேறும், எது தேறாது என்று சொல்லிவிடலாம் என எழுதியிருந்தது. மீன் தொழிற்சாலை வேலைக்கென்று 1988இல் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்குக்கு வந்தவன் நான். பிற்பாடு காற்று அளக்கும் நிறுவனம் ஒன்றுக்காக மூன்று குளிர்காலம் மலையேறினேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஒரு ஜனவரியில் உச்சியில் ஆளைத் தள்ளி விழுத்தும் காற்று. அங்கே கம்பத்தில் இருந்த, காற்றின் வேகத்தை அளக்கும் கருவியோ மூன்று நாளாக வேகம் பூச்சியம் என்றே பதிந்திருந்தது. காற்றுத் தணிந்ததும் ஏறிப் பார்த்தோம். சுழல வேண்டிய மூன்று கிண்ணங்களையும் காணவில்லை. காற்று வந்த திசையை நோக்கியே நீண்டு வளர்ந்த வெள்ளை உறைபனி, கோழி இறகை அடுக்கி வைத்ததுபோல. கையால் தட்டினால் உதிராது. மரச் சுத்தியல்தான் வேண்டும்.

அந்தப் பூச்சியங்களைச் சேர்த்தால் சராசரி பொய். சரி, கழித்துவிடலாம் என்றால், காற்று மிகக் கூடுதலாக வீசும் மாதங்களே போய்விடும். எங்கள் அறிக்கையில் அந்த இடைவெளியைக் கோடைகாலக் காற்றை வைத்து நிரப்பி, மலை தேறாது என்று முடித்தார்கள். இன்றும் எனக்கு அது மனவருத்தம். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடியாக, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்று மாறுவது; வேகத்தை 10 சதவீதம் குறைத்து மதித்தால் சக்தி 27 சதவீதம் குறைந்து தெரியும். உறைபனி படியாமல் தன்னையே சூடேற்றும் அளவுக் கருவி வைத்தால் தப்பலாம். அதற்கு மின்சாரம் வேண்டும். ஆனால் சூரியனே எழாத வாரங்களில் சூரியத் தகடு உதவாது. மின்பிறப்பாக்கிக்கு எண்ணெயைப் பனிவண்டியில் இழுத்துக்கொண்டுதான் போனோம்.

பள்ளத்தாக்கில் அளந்து உச்சியை மதிப்பதும் பிழை. குளிர்ந்த காற்று பாரமானது, தெளிந்த இரவுகளில் கீழே வந்து தேங்கிவிடும். ஊருக்குள் புகை நேரே எழும். மேலே காற்று ஊளையிடும். அந்தப் பாரத்தால் நன்மையும் உண்டு: 15 பாகையில் இருப்பதைவிட, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் காற்று ஏறத்தாழ 14 சதவீதம் அடர்த்தி கூடியது. அதே வேகத்துக்குக் கூடுதல் சக்தி. அப்புறம் இறக்கைகளில் படியும் பனி அதில் ஒரு பங்கைப் பறித்துவிடும், அதையும் கழிக்க வேண்டும்.

தேறிய வடக்கு மலைக்கு ஓர் உதாரணம்: பின்மார்க்கின் பெர்லெவோக் பக்கம் ரக்கோவிட்டா மலையில் 2014இல் 15 காற்றாடிகள், 45 மெகாவாட். ஆண்டுச் சராசரியில் முழுத்திறனில் ஏறத்தாழப் பாதியைத் தருகின்றன. தரையில் நிற்கும் காற்றாடிகளுக்கு அது மிகப் பெரிய கணக்கு.

அடுத்த தடவை ஒரு மலையைப் பற்றி எழுதும்போது, எந்த உயரத்தில் அளந்தார்கள், டிசம்பர் முதல் மார்ச் வரை எத்தனை நாள் பதிவு உருப்படியாகக் கிடைத்தது என்று கேட்டு, அதையும் அச்சிடுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
பின்மார்க், நோர்வே